உபசாரத் திருத்தம்

எடப்பாடி தீனதயாளன் வாயிலிருந்து 'வேணும்' என்ற வார்த்தையை ஊரில் யாரும் கேட்டதில்லை. பந்தியில் சோறு தீர்ந்து வெறும் இலையைத் தடவிக்கொண்டிருப்பார். பரிமாறுகிறவன் வந்து "சோறு வைக்கட்டுங்களா?" என்று கேட்டால், "வேண்டாமுங்க, போதுமுங்க" என்பார். பரிமாறுகிறவனும் அந்த ஊர்க்காரன்தானே, காதில் விழாத மாதிரி இரண்டு கரண்டி அள்ளி வைத்துவிட்டுப் போவான். "ஐயோ, எதுக்குங்க இவ்வளவு" என்று சொல்லிக்கொண்டே இவரும் முழுசையும் சாப்பிட்டு முடிப்பார். கேட்டவுடனே 'ஆமா, போடு' என்கிறவனைச் சோத்துக்குச் செத்தவன் என்று பேசிவிடுவார்கள். முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை ஐயையோ வேண்டாம், மூன்றாம் தடவை சரி என்று இழுக்க வேண்டும். கேட்கிறவனுக்கும் இது தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். அதனால் அந்தப் பக்கத்தில் இதுவரை யாரும் பட்டினியாகப் பந்தியை விட்டு எழுந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷருக்கு ஒரே ஒரு விஷயம் நிஜமாகவே வேண்டியிருந்தது. மகள் அகல்யாவின் முகூர்த்தச் சேலையைத் தன் தறியில் தானே நெய்ய வேண்டும்.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பையன், ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடுகிறவன். அகல்யா சங்ககிரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். லீவு நாளெல்லாம் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சேலை டிசைனை அவளே வரைந்தாள். "மயிலும் மாங்காயும் எல்லாரும் கட்டறதுதானுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, முந்தானை பூராவும் சின்னச் சின்ன ரிக் லாரி போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் போர்க்குழியிலிருந்து ஜரிகையில் தண்ணீர் பீச்சியடித்துக் கொடி மாதிரி மேலே ஏறிக் கரையைத் தொட்டது.

"முகூர்த்தச் சேலையில லாரியா அம்மணி? சம்பந்தி ஊட்ல என்ன நெனப்பாங்க?" என்று முதலில் பதறியவர், அந்தத் தண்ணீரைக் கண்டதும் மயங்கிப்போனார். அன்று தறிச் சத்தத்துக்கு நடுவே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த டிசைன் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. டிசைன் சாப்ட்வேரில் அதைத் திறந்து, பென் டிரைவில் ஏற்றி, தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் செருகினால் போதும், நூலைத் தூக்குவதும் இறக்குவதும் அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். செருகலாம் என்று போன அன்றைக்கு, வைகாசிக் கடைசியில், கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக், "உள்ள இருக்கற பைலெல்லாம் பத்திரமா இருக்குதுங்க, விண்டோஸ்தான் போச்சு" என்றான். "இந்தப் பழைய டப்பாவுக்குப் புதுசு ஏறாது. லினக்ஸ் போட்டுக்குங்க. அதுலயே சேலை டிசைன் சாப்ட்வேர் சும்மா கெடைக்குது. செவ்வாய்ப்பேட்டையில இதுக்குன்னே ஒரு சங்கம் இருக்குதுங்க."

"நானே போட்டுக்கறனுங்கப்பா. யூடியூப்ல பாத்துட்டேன், ஒரு பட்டனை அமுக்கினா வந்துருது" என்றாள் அகல்யா.

"பெரியவங்க எல்லாம் சேந்து ஒரு சங்கம் வெச்சு நடத்தறாங்க. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம நாமளே போட்டுக்கிட்டா நல்லாருக்குமா அம்மணி?" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு துண்டில் மூட்டை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். கேட்டாரா பாருங்கள் அந்த மனுஷர்.

செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது அந்தச் சங்கம். 'கட்டற்ற கணினிப் பேரவை' என்று வாசலை விட அகலமாக ஒரு போர்டு. படியெல்லாம் ஈ. உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் அன்பழகன் ஏதோ இலாகாவில் மேலதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். பேசும்போது எதிரே ஒருத்தர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருக்கிற மாதிரிதான் பேசுவார்.

தீனதயாளன் மூட்டையை இறக்காமலே விஷயத்தைச் சொன்னார். தலைவர் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது கடை அல்ல. இது இயக்கம். கடைக்குப் போனால் உங்கள் வேலையை முடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அப்படி அனுப்பிவிட மாட்டோம்! இந்தப் பேரவை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு கணினியைக்கூட நாங்கள் அவசரப்பட்டு முடித்துக் கொடுத்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். தீனதயாளனும் தட்ட வேண்டியிருந்ததால் மூட்டையைக் கீழே வைத்தார். அவர் அதற்கப்புறம் அதைத் தூக்கவே இல்லை.

"இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. முழுச் சுதந்திரம்! ஆகவே முதலில் உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். கணினி ஆய்வுக்காக இங்கேயே இருக்கட்டும். உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா?"

"ஆமாங்க" என்றார் தீனதயாளன். நகலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவ்வளவு பெரிய மனுஷர் அக்கறையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி, அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க இவருக்கு மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் அகல்யாவிடம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். பெட்டி செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும்போது எடப்பாடியில் எதை நகல் எடுப்பது என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்றைக்கு அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பொன்னாயி. மல்லசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மா.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் தீனதயாளன்.

"பிரிண்டர் ஓடலைன்னு கொண்டாந்தனுங்க. போன தையில."

"இப்ப ஓடுதுங்களா?"

"எங்கீங்க. ஆனா பொருளாளர் ஆக்கிட்டாங்க."

அப்போதுதான் அவர் சுவரோரம் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டிகள் வரிசையாக நின்றன. சிலது துண்டில், சிலது சாக்கில், ஒன்று பழைய சேலையில், எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. தலைவரின் டீ டம்ளர் அதில் ஒன்றின் மேலேதான் இருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்களின் பேரும் பெட்டிகளில் இருந்த பேரும் ஒன்றுதான். அத்தனை பேரும் தங்கள் பெட்டியைத் திருப்பி வாங்கிப் போக வந்தவர்கள். ஞாயிறு தவறாமல் வந்து, கை தட்டி, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

லினக்ஸில் ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில் ரகம் இருக்கிறதாம். அதில் எதைப் போடுவது என்று அன்று சண்டை வந்தது. செயலாளர் நிலவன் ஒரு ரகத்துக்காரர். தாடி வைத்த இளைஞர், கோயமுத்தூர்க் கம்பெனியில் வேலை. மொழிக்குழுத் தலைவி அறிவுச்செல்வி இன்னொரு ரகத்துக்காரர். காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். நிலவனுடைய ரகத்தைப் போடுகிறவன் துரோகி என்றார் அவர். அவருடைய ரகத்தைப் போடுகிறவன் சோம்பேறி என்றார் நிலவன். கடைசியில் "பயனர் என்ன சொல்கிறார்?" என்று தீனதயாளனைக் கேட்டார்கள்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் அவர். இரண்டு கட்சியும் அதைத் தங்கள் பக்கத்து ஓட்டாக எழுதிக்கொண்டதால் சமமாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் சமமாகவே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அறிவுச்செல்வி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நிலவன் ஜெயித்து, பழைய பைல்கள் ஒரு ஓரமாக இருக்க, மீதி இடத்தில் லினக்ஸை ஏற்றினார்.

"அப்படியே அந்த டிசைன் சாப்ட்வேரையும்..." என்று இழுத்தார் தீனதயாளன். "ஏதோ ஒரு பட்டன் இருக்குதாமுங்க. அதை அமுக்கினா வந்துருமுன்னு மக சொன்னா."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பட்டன் இருக்குது" என்றார் நிலவன், செத்தவரைப் பற்றிச் சொல்கிற குரலில். "இல்லைன்னு சொல்லலை. ஆனா ஐயா, பட்டனை அமுக்கினா என்ன ஆகும்? வேலை முடிஞ்சிரும். உங்களுக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது. புரியாம வேலை முடியறதுக்குப் பேருதான் அடிமைத்தனம்."

"எங்களுக்கெல்லாம் நல்லாப் புரிஞ்சிருச்சுங்க. வேலைதான் இன்னும் முடியலை" என்றார் பொன்னாயி. பொருளாளர் என்பதால் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

ஆகவே கறுப்புத் திரை வந்தது. அதில் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். நிலவன் சொல்லச் சொல்லத் தீனதயாளன் ஒற்றை விரலால் அடித்தார். பிறகு கடவுச்சொல் கேட்டது. அடித்தார். திரையில் ஒன்றுமே விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

"கீ போர்டு ரிப்பேருங்களாட்ட இருக்குது."

"இல்லீங்க. நீங்க அடிக்கறது விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாம நான் எப்படிங்க சரியா அடிக்கறது?"

"தெரியாம இருக்கறதுதான் பாதுகாப்பு."

இதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று தீனதயாளன் குருட்டாம்போக்கில் அடித்து முடித்தார். எடப்பாடி மாரியம்மன் புண்ணியத்தில் அது ஏற்றுக்கொண்டது. திரையில் வரிவரியாக என்னென்னவோ ஓடி நின்று, கீழே ஒரு கேள்வி வந்தது. நிலவன் அதைப் படித்துச் சொன்னார்.

"இந்த சாப்ட்வேர் உங்க கம்ப்யூட்டர்ல இவ்வளவு இடம் எடுத்துக்கும், தொடரட்டுமான்னு கேக்குது. சரின்னா ஒய், வேண்டாம்னா என்."

தீனதயாளன் 'என்' அடித்தார்.

'கைவிடப்பட்டது' என்று ஒரு வரி வந்து, திரை கம்மென்று ஆகிவிட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாகத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலவனும் பார்த்தார். சங்கமே பார்த்தது.

"ஐயா, ஏன் வேண்டாம்னு போட்டீங்க?"

"மறுக்காக் கேக்குமில்லீங்க?"

"எது?"

"கம்ப்யூட்டருங்க. மொதத்தடவையே சரின்னு எப்படிங்க சொல்றது? அதுவும் இவ்வளவு எடம் எடுத்துக்குமுங்கறாங்க. நல்லாருக்குதுங்களா அது? இன்னொருக்கா கேக்கட்டும், சொல்லிக்கலாமுன்னு இருந்தனுங்க."

திரும்ப அந்தக் கட்டளையை அடித்து ஒய் போட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும். நிலவனின் கை அதற்குத்தான் போனது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார் அறிவுச்செல்வி. அவர் கண்ணில் தண்ணீர்.

"தொடாதீங்க! ஒரு பண்பாடு இந்த இயந்திரத்தின் முன்னால் அவமானப்பட்டு நிற்கிறது. ஒரு மனிதர் உபசாரத்துக்காக வேண்டாம் என்கிறார். இது முகத்தில் அடித்த மாதிரி 'கைவிடப்பட்டது' என்கிறது. நம் ஊர் மனிதரைக் கைவிட இது யார்? இந்த மென்பொருளின் மூலநிரலே நம் கையில் இருக்கிறது. திருத்துவோம்! மூன்று முறை கேட்க வைப்போம்!"

கை தட்டல் கீழே மண்டிவரைக்கும் கேட்டிருக்கும். தலைவர் அங்கேயே தீர்மானம் போட்டார். அதற்கு 'உபசாரத் திருத்தம்' என்று பேர். திருத்தி முடித்த லினக்ஸுக்குக் 'கொங்குப் பதிப்பு' என்று பேர். அது முதன்முதலில் ஏறப்போகிற கம்ப்யூட்டர் தீனதயாளனுடையது. அவருக்கு 'முதல் பயனர்' என்று பட்டம் கொடுத்து, இனி திருத்தம் முடிகிறவரை அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.

"ஏனுங்க, நான் ஒய்யே போட்டுக்கறனுங்க. எனக்கொண்ணும் சங்கடமில்லீங்க" என்றார் தீனதயாளன், வியர்த்துப்போய்.

"பார்த்தீர்களா! நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்று விட்டுக்கொடுக்கிறார்" என்றார் தலைவர். அதற்கும் கை தட்டினார்கள்.

திருத்தம் எழுதி முடிவதற்குள் ஆடி வந்துவிட்டது. பேரவைக்கு மூடநம்பிக்கை கிடையாது, போர்டிலேயே 'அறிவியல் வழி' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஆடியில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்த மாதம் பூராவும், திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று முடிவு செய்ய வாசகக் குழு கூடியது. கம்ப்யூட்டர் இரண்டாம் தடவை கேட்கும்போது 'அட, சும்மா சொல்லுங்க' என்பதா, 'கூச்சப்படாதீங்க' என்பதா என்று இரண்டு ஞாயிறு போனது. மூன்றாம் தடவையும் ஒருவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று பொன்னாயி ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த நல்ல மனிதர் மூன்றாம் தடவையும் நிஜமாக வேண்டாம் என்பார்?" என்றார் அறிவுச்செல்வி. "அது கூச்சத்தின் உச்சம். அப்போது நாமே உரிமையோடு அள்ளி வைத்துவிட வேண்டியதுதான்."

அப்படியே எழுதினார்கள்.

வீட்டில் தறி நின்றது. ஜரிகை வாங்கி வைத்தாயிற்று, பட்டு நூல் சாயம் போட்டு வந்து, நீளவாட்டுப் பாவு நூலையும் தறியில் ஏற்றியாயிற்று. பத்திரிகை வைக்கப் போன இடத்திலெல்லாம் பெண்கள் "சேலை எந்த மட்டுக்கு இருக்குதுங்க?" என்று கேட்டார்கள். அகல்யா முதலில் கேட்டாள், அப்புறம் கோபப்பட்டாள், அப்புறம் கெஞ்சினாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணும் போட்டுத் தர வேண்டாமுங்க. பொட்டியைத் தூக்கிட்டு வாங்க, போதும். ராத்திரி ஒக்காந்து நானே பாத்துக்கறேன். 'எம் பொட்டியைக் குடுங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்க முடியாதுங்களா உங்களால?"

"கேக்கறேன் சாமி, இந்த வாரம் கேட்டுர்றேன்" என்றார் அவர்.

கேட்கவும் செய்தார். "ஏனுங்க தலைவரே, சிரமமில்லாட்டி, பொட்டியை ஒரு நாளைக்கு வேணுமுன்னா ஊட்டுக்கு..." என்று தொடங்கினார். "அட, இங்கேயே இருக்கட்டுமே, நமக்குள் என்ன" என்றார் தலைவர். "சரிங்க" என்று வந்துவிட்டார். சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். அவ்வளவு காரமான வார்த்தைகள் தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அதில் ஒன்றைக்கூட மாடியில் வைத்துச் சொல்ல முடியவில்லையே என்று பஸ்ஸில் அழுகையாக வந்தது.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். அன்றைக்குப் பெட்டி கைக்கு வந்தால் இரவு பகலாகத் தறி ஓட்டிச் சேலையை முடித்துவிடலாம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் ஆகாது. இன்றைக்குத் திறப்பு விழா, முடிந்ததும் பெட்டியைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று பேரவையும் சொல்லியிருந்தது.

மாடியில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. தீனதயாளனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நிலவன் பென் டிரைவைச் செருகினார். கொங்குப் பதிப்பு எழுந்து வந்து, 'வாங்க, உக்காருங்க' என்றது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

'இந்தக் கம்ப்யூட்டர்ல பழசா இருக்கறது அத்தனையும் அழிச்சுட்டுப் புதுசா நிறுவட்டுங்களா?'

தீனதயாளன் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "ஏனுங்க, அழிக்கறதுன்னு போட்டிருக்குது. எம் மக டிசைன் உள்ள இருக்குதுங்க" என்றார்.

"அதான் நகல் இருக்கிறதே" என்றார் தலைவர், மைக்கில்.

"இல்லீங்க!" என்று கத்தினார் தீனதயாளன். அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. "இல்லீங்க, அன்னிக்குச் சும்மா சொல்லிட்டனுங்க. நகல் கிடையாதுங்க."

சபை சிரித்தது. முதல் பயனர் எவ்வளவு கூச்சக்காரர் பாருங்கள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். பொன்னாயி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் 'என்' அடித்தார்.

'அட, சும்மா சொல்லுங்க. அழிச்சுட்டு நிறுவட்டுங்களா?'

"ஆஹா!" என்றது சபை. அறிவுச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'என்' விசையை மறுபடி அழுத்தினார், விரல் வலிக்க.

'நம்மகிட்ட என்னங்க கூச்சம்? நம்மூடு மாதிரி நெனச்சுக்குங்க. அழிச்சுரட்டுங்களா?'

"வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!" என்று வாயாலும் சொல்லிக்கொண்டு, 'என்'னை அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை அவர். திரை பூராவும் என் என் என் என்று ஓடியது. அப்புறம் நின்றது.

'நீங்க ரொம்ப நல்லவருங்க. நாங்களே பாத்துக்கறோம்.'

பச்சைக்கோடு ஒன்று ஓடத் தொடங்கியது. ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று தீனதயாளன் எழுந்து பிளக் பக்கம் பாய்ந்தார். நன்றி சொல்ல எழுந்து வருகிறார் என்று நினைத்த தலைவர், பொன்னாடையை விரித்து அவரைத் தோளோடு கையோடு சேர்த்துச் சுற்றி இறுக்கி, போட்டோவுக்காக அப்படியே பிடித்துக்கொண்டார். போட்டோக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்றார். தலைவர் விடவில்லை. பச்சைக்கோடு கடைசிவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"கரண்டைப் புடுங்குங்கப்பா யாராவது! அந்த மனுஷன் நெசமாத்தான் சொல்றாரு!" என்று பொன்னாயி எழுந்து கூவினார். பொருளாளர் அறிக்கை நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக இருப்பதாகச் சொல்லி அவரை உட்கார வைத்தார் நிலவன். பிறகு கறுப்புத் திரையில் தேடிப் பார்த்துவிட்டு, "சுத்தமா ஒண்ணும் இல்லை" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

தலைவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நண்பர்களே! விடுதலை என்றால் என்ன? நேற்றுவரை இந்த எளிய நெசவாளர் ஏதோ ஒரு கோப்புக்கு அடிமையாக இருந்தார். அது கிடைக்குமா, கிடைக்காதா என்று ஒவ்வொரு ஞாயிறும் தவித்தார். இன்று அந்தத் தவிப்பு இல்லை! அவருடைய கணினியில் அவருடையது என்று இனி எதுவுமே இல்லை! கட்டறுத்துவிட்டோம்! இந்த நிலையை மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசெல்வோம் என்று உறுதி கூறுகிறேன்."

பொன்னாடைக்குள்ளிருந்து தீனதயாளன் ஒரு கையை வெளியே எடுத்தார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அகல்யா.

"முடிஞ்சுதுங்களாப்பா? பஸ் ஏறிட்டீங்களா? நான் பென் டிரைவோட தறிகிட்டயே ஒக்காந்திருக்கேன்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"அப்பா?"

"போயிருச்சு சாமி" என்றார். "அழிச்சுட்டாங்க. நான் வேண்டாம், வேண்டாம்னேன். யாருமே கேக்கலை சாமி."



"லாரியெல்லாமுங்களா? தண்ணியும்?"

"எல்லாம்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற பெண் அவள், சின்னதிலிருந்தே அப்படித்தான். அப்புறம், "சேலை கடையில எடுத்துக்கலாம். பரவால்லீங்கப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள். "ஊட்டுக்கு வாங்க."

பரவாயில்லை என்று அவள் சொன்னது எந்தப் பரவாயில்லை என்று அவருக்கா தெரியாது? பெற்று வளர்த்தவர். பொங்கிப் பொங்கி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று போட்டோக்காரர் அதையும் ஒன்று எடுத்தார்.

"இருங்க, டீ வருது. ஒரு டம்ளர் குடிங்க" என்றார் நிலவன்.

"வேண்டாம்."

"அட, சும்மா குடிங்க."

"வேண்டாம்."

"நமக்குள்ள என்னங்க" என்று சொல்லி டம்ளரை அவர் கையிலேயே திணித்தார் அறிவுச்செல்வி.

தீனதயாளன் அந்த டீயை வாழைமரத்தடியில் ஊற்றினார். டம்ளரைப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்தார். பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டார். பெட்டியை எடுக்கவில்லை, அதில் எடுத்துப்போக இனி என்ன இருக்கிறது? வாசலுக்குப் போனவர் திரும்பி, தலைவரை நேராகப் பார்த்தார். பிறந்ததிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் எந்த மனுஷரிடமும் அவர் சொல்லாத ஒரு வார்த்தையை, ஒரு 'ங்க'கூடப் போடாமல் சொன்னார்.

"போறேன்."

பொன்னாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழவு வீட்டில்கூட அந்தப் பக்கத்தில் அப்படி ஒருத்தர் சொல்லிவிட்டுப் படியிறங்கினது கிடையாது. கீழே மண்டியைத் தாண்டி அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

அப்புறம் தலைவர் ஜாடை காட்ட, செயலாளர் நிலவன் அன்றைய கூட்டக் குறிப்பை எழுதிச் சபையில் வாசித்தார். 'முதல் பயனர் திரு. தீனதயாளன் அவர்கள் நிறுவலில் முழுத் திருப்தி அடைந்து, தம் கணினியை மேலாய்வுக்காகப் பேரவையிடமே விட்டு, அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி விடைபெற்றார்.'

ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். பொன்னாயி ஒருத்தர் மட்டும் உண்டு என்று கையைத் தூக்கினார். அந்த அம்மாவின் கூச்ச சுபாவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்பதால், குறிப்பு ஏகமனதாக நிறைவேறியது.